வண்ணான்துறை என்ற சொல்

என் மகள் பல்கலைக்கழகத்தில் பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிப் படித்தாள். எதை இடிக்கலாம், எதைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று அளந்து, வரைந்து, எழுதுகிற படிப்பு. மேற்படிப்பின் ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது பிரான்ஸ் நாட்டுக் கிராமங்களில் இருக்கும் லவ்வார்களை. ஒரு மார்கழிப் பின்னேரம், மொன்றியலின் கார்ட்டியர்வில்லில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துப் படம் படமாகக் காட்டினாள். ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் பெரிய கல்தொட்டி. அதைச் சுற்றி ஓடு வேய்ந்த கூரை. தொட்டியின் விளிம்பில் உள்பக்கம் சரித்துப் பதித்த கற்கள். வீடுகளுக்குச் சலவை இயந்திரம் வருமுன் ஊர்ப் பெண்கள் அங்கேதான் முழங்காலில் இருந்து துணி தோய்த்தார்களாம். இப்போது ஒருவரும் தோய்ப்பதில்லை. ஆனால் ஊருக்கு ஊர் அவற்றைத் திருத்தி, பூச்சட்டி வைத்து, வாசலில் விளக்கப் பலகை நட்டு, எங்கள் முதுசம் என்று பெருமைப்படுகிறார்களாம்.

"அம்மா, லவ்வாருக்குத் தமிழிலை என்ன சொல்லுறது?" என்று கேட்டாள். ஆய்வின் முதல் பக்கத்தில் அந்தச் சொல்லைத் தமிழில் போட ஆசைப்பட்டாள்.

தெரியாது என்றேன். எங்கள் பக்கத்தில் அப்படியான கட்டடம் இல்லை, அவரவர் தங்கள் கிணற்றடியில் தோய்ப்பார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

எனக்குத் தெரியும். வண்ணான்துறை. அந்தச் சொல்லை வாயால் சொல்லி முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. என் அம்மா அந்தத் துறையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவர். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவருடன் நின்றவள். யாழ்ப்பாணத்தில் எங்களைக் கட்டாடி வீட்டு ஆட்கள் என்பார்கள். கோபம் வந்தால் வண்ணார் என்பார்கள். ஊரில் இருந்த ஒவ்வொரு பெரிய வீட்டின் அழுக்கும் எங்களுக்குத் தெரியும். பிள்ளைப்பேற்றுத் துடக்குத் துணி, பெண்பிள்ளை பெரியவளான அன்று கட்டியிருந்த துணி, செத்தவருக்குக் கீழே விரித்த துணி, எல்லாம் எங்களிடம்தான் வரும். கையில் தரமாட்டார்கள். வேலிக்கரையில் போட்டுவிட்டுத் தள்ளி நிற்பார்கள், அம்மா குனிந்து எடுப்பார். செத்த வீட்டில் பந்தலின் உட்பக்கம் துணியால் வெள்ளை கட்டுவதும், பாடை போகும் வழியில் நிலபாவாடைத் துணி விரிப்பதும் எங்கள் அப்பாவின் வேலை. அந்த வெள்ளைக்குக் கீழே இருந்து அழுகிறவர்கள் யாரும் எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அவர்கள் வீட்டில் எங்களுக்குத் தேத்தண்ணி தேங்காய்ச் சிரட்டையில் வந்தது. குடித்து முடித்ததும் அதை வேலிக்கு வெளியே எறிந்துவிட்டு வரவேண்டும்.

அம்மா செய்த வேலையைப் பற்றி எனக்கு இனிமையான நினைவு ஒன்றும் இல்லை. அழுக்குப் போகத் துணியை ஊறவைக்கும் உவர்மண் கைத்தோலைத் தின்னும். துணி அவிக்கும் வெள்ளாவியின் ஆவி கண்ணைக் கரிக்கும். அவ்வளவுதான்.

என் கணவரும் அதே ஆட்கள்தான். மொன்றியலுக்கு வந்த முதல் வருடமே இருவரும் இருந்து பேசி முடிவெடுத்தோம். ஊர் எது என்று யாரும் கேட்டால் பக்கத்து ஊரின் பெயரைச் சொல்வது. அந்த ஊரில் எந்தப் பகுதி என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் அவர் ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தார்: சிறுவயதிலேயே கொழும்புக்குப் போய்விட்டோம், ஊரில் யாரையும் தெரியாது. நான் அதைப் பாடமாக்கினேன். அவர் துறைமுகத்தில் பெட்டிகள் ஏற்றும் லொறி ஓட்டினார். எனக்குக் கிடைத்தது நகரத்தின் கிழக்கில் ஆஸ்பத்திரித் துணிகளைச் சலவை செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. முதல் நாள் வேலை முடிந்து வந்து இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, வெளியில் ஆஸ்பத்திரியில் வேலை என்று மட்டும் சொல்லு என்றார்.

அந்தத் தொழிற்சாலையின் நடுவில் ஒரு சுவர் உண்டு. ஒரு பக்கம் அழுக்குப் பக்கம், மறுபக்கம் சுத்தப் பக்கம். அழுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் உடை மாற்றிக் கை கழுவாமல் மறுபக்கம் வரக்கூடாது. அது நோய்க்கிருமிக்காகப் போட்ட விதி, எனக்கு விளங்கும். நான் அழுக்குப் பக்கத்தில் எட்டு வருடம் நின்றேன். ஹெயிட்டிப் பெண்கள், வியட்நாம் பெண்கள், நான். வரும் பைகளை அவிழ்த்து, படுக்கைவிரிப்பைப் படுக்கைவிரிப்போடும் துவாயைத் துவாயோடும் பிரிப்போம். ரத்தம் இருக்கும். கட்டுப்பல் இருக்கும். ஒருமுறை ஒரு தாலிக்கொடி கூட வந்தது, மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். மகள் இதையெல்லாம் அறிந்தே வளர்ந்தாள். அம்மா சலவையில் வேலை செய்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும். அதற்கு முன்னால் இருந்ததுதான் தெரியாது.

இந்த இடத்தில் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் என் உடன்பிறந்தவர் அல்ல. வந்த புதிதில் அரசாங்கம் நடத்திய பிரெஞ்சு வகுப்பில் எனக்கு அடுத்த கதிரையில் இருந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், நல்ல குடும்பம், இரக்கமான மனம். புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு வாங்கிப் போன பிறகும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காரை எடுத்துக்கொண்டு கார்ட்டியர்வில் வரை வந்து என்னை ஏற்றிக் கோயிலுக்குக் கூட்டிப்போவார். திரும்பி வரும்போது அவர் வீட்டில் இறங்கித் தோசை சாப்பிடுவோம். என் கணவர் திடீரென்று இறந்தபோது எட்டாம் நாள்வரை வெளியிலிருந்து சாப்பாடு வரவைத்து எங்கள் வீட்டு அடுப்பு எரியாமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான். ஒரே பாயில் என்னோடு படுத்தார்.

அதே அக்கா, ஊர்க்கதை வரும்போது, தங்கள் கட்டாடியைப் போல நடித்துக் காட்டுவார். கூனிக்கொண்டு, கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, இழுத்து இழுத்துப் பேசுவார். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். ஒருமுறை அல்ல, பலமுறை. இதை எழுதும்போது அவர் நடித்ததைவிட நான் சிரித்ததுதான் எனக்கு அதிகம் கசக்கிறது.

அடுத்த கோடையில் மகள் பிரான்சுக்குப் போனாள். இரண்டு மாதம் ஒரு சிறிய கிராமத்தில் தங்கி, சுற்றியுள்ள ஊர்களின் லவ்வார்களை அளந்து வரைந்தாள். கடைசி இரண்டு கிழமைக்கு என்னையும் வரச்சொல்லிப் பயணச்சீட்டு அனுப்பினாள். நான் கனடாவுக்கு வந்தபின் ரொறன்ரோவைத் தாண்டி எங்கும் போனதில்லை. போனேன்.

கிராமம் என்றால் ஒரு தேவாலயம், ஒரு பாண்கடை, சாம்பல் நிறக் கல்வீடுகள். லவ்வார் ஊரின் கீழ்முனையில், சரிவில் இருந்தது. உள்ளே போனதும் குளிர்ந்தது. கூரை நடுவில் திறந்திருந்தது, அந்த வெளிச்சம் தண்ணீரில் விழுந்து உத்திரங்களில் அசைந்தது. மகள் ஒவ்வொரு கல்லையும் தொட்டுத் தொட்டு விளக்கினாள். ஊற்று விழும் மேல்பக்கத்தில் சுத்தமான தண்ணீர், அங்கே அலசுவார்கள். கீழ்ப்பக்கத்தில் சவர்க்காரத் தண்ணீர். சாம்பலைக் கரைத்து அந்த நீரில் துணியை அவிப்பார்கள். நான் தலையாட்டிக்கொண்டு கேட்டேன். சாம்பலும் ஆவியும் எனக்குப் புதிதா?

நான் போய்ச் சேர்ந்தபின் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த லவ்வாரைத் திருத்தி முடித்ததற்காக ஊர்ச் சங்கம் ஒரு விழா வைத்தது. மேயர் வந்தார். பெண்கள் சிலர் பழங்காலத்துப் பாவாடையும் வெள்ளைத் தொப்பியும் அணிந்து, வைக்கோல் அடைத்த மரப்பெட்டிகளில் முழங்காலை ஊன்றி, வீட்டில் ஏற்கெனவே தோய்த்துக் கொண்டுவந்த சுத்தமான விரிப்புகளை மரக்கட்டையால் அடித்துத் தோய்ப்பது போலச் செய்தார்கள். சலவைப் பெண்கள்தான் இந்த ஊரின் உயிர் என்று மேயர் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சந்தோஷமா ஆத்திரமா என்று எனக்கே தெரியவில்லை. எங்கள் துறைக்கு யார் பலகை நட்டார்கள்? ஊரார் அந்தப் பக்கத்தால் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள்.

மகள் அவர்களிடம் தன் அம்மாவும் சலவையில் வேலை செய்கிறாள் என்று சொல்லியிருந்தாள். சங்கத் தலைவி என் கையைப் பிடித்து, நீங்களும் ஒருதரம் செய்து பாருங்கள் என்று கூப்பிட்டாள். என் கியூபெக் பிரெஞ்சைக் கேட்டு அவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள், கெட்ட சிரிப்பு இல்லை. மறுக்க மறுக்க விடவில்லை. நான் சப்பாத்தைக் கழற்றினேன். பெட்டியில் முழங்கால் ஊன்றவில்லை. கட்டையையும் எடுக்கவில்லை. நனைந்த விரிப்பை நீளவாக்கில் முறுக்கிச் சுருட்டி, தோளுக்கு மேலால் வீசி, கல்லில் அறைந்தேன்.

ஒரே அடி போதும் என்று நினைத்திருந்தேன். ஆனால் கை நிற்கவில்லை. மூச்சு அம்மாவின் மூச்சுப் போல வந்தது, ஒவ்வொரு அடிக்கும் பல்லிடுக்கால் ஒரு சீழ்க்கை. துணி புரண்டு புரண்டு வந்தது. பத்து அடியோ இருபது அடியோ தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கைதட்டல். மகள் தட்டவில்லை. படம் எடுத்த தொலைபேசியைத் தாழ்த்திப் பிடித்தபடி நின்றாள்.

கூட்டம் வைன் குடிக்க மேலே போனபின் ஒரு கிழவி ஊன்றுகோலோடு உள்ளே வந்தார். எதிர்வீட்டுக்காரர், தொண்ணூறு வயதுக்குக் கிட்ட இருக்கும். விழா முழுவதையும் தன் வாசலில் கதிரை போட்டு இருந்து பார்த்தாராம்.

"நீ இதை விளையாட்டுக்குப் பழகவில்லை" என்றார்.

இல்லை என்றேன்.

தன் அம்மா கூலிக்குத் தோய்த்தவர் என்று அவர் சொன்னார். சொந்தத் துணி தோய்க்க வருகிற பெண்களுக்கு மேல்பக்கம். கூலிக்காரிக்கு அழுக்குத்தண்ணீர் வரும் கடைசிக் கல், அதுவும் மற்றவர்கள் முடித்த பிறகு. காசநோய்க்காரரின் துணிகள் அவர் அம்மாவிடம் மட்டுமே வரும். குளிர்காலத்தில் பனிக்கட்டியை உடைத்துத் தோய்ப்பார். கடைசிக் காலத்தில் முழங்கால் மடங்காமல் நின்றபடியே செபம் சொன்னாராம். வாசலில் நட்டிருந்த பலகையில் இதில் ஒரு வரி இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். தனக்கு எழுத்துத் தெரிவதில்லை, கண் மங்கிவிட்டது என்றார். நான் போய் வாசித்துப் பார்த்தேன். ஊற்றின் வரலாறு இருந்தது, கூரை மரத்தின் வகை இருந்தது, பெண்கள் பாட்டுப் பாடியதும் வம்பு பேசியதும் இருந்தது. இல்லை என்று திரும்பி வந்து சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"பூச்செடிக்கு நல்ல தண்ணீர் ஊற்றுகிறார்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மகள் கேட்டாள். நாங்கள் தங்கியிருந்த வீட்டின் பின்பக்கம், காலைச் சாப்பாட்டு மேசையில். எங்கே பழகினீங்கள் என்று ஒரே கேள்வி. இனிமேல் பொய் சொல்ல எனக்குப் பலம் இருக்கவில்லை. சிரட்டையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு கோபப்பட்டாள். ஊரார்மேல் அல்ல, என்மேல்.

"இதிலை வெக்கப்பட என்னம்மா இருக்கு? செய்தவை வெக்கப்படவேணும்."

அவள் சொன்னது சரி. இங்கே பிறந்த பிள்ளைக்கு அது சரி. நான் அவளிடம் ஒரு வாக்குக் கேட்டேன், மொன்றியலில் இது எவருக்கும் தெரியக்கூடாது என்று. அவள் ஓம் என்றாள். அப்போதே, லவ்வாருக்குத் தெரியாது என்று நான் மறைத்த அந்தச் சொல்லையும் கேட்டாள். சொன்னேன். குறிப்புப் புத்தகத்தில் எழுதித் தரச்சொன்னாள், தமிழ் எழுத்தில். எழுதிக் கொடுத்தேன்.

இலையுதிர்காலத்தில் அவளுடைய வேலையை எங்கள் பகுதி நூலகத்தில் பொதுமக்களுக்கு விளக்கும்படி அழைத்தார்கள். நான் கல்லில் அறையும் படத்தைக் காட்டலாமா என்று கேட்டாள். காட்டு, சும்மா ஒரு படம்தானே என்றேன். எனக்குள்ளே பெருமை. அந்தப் பெருமையில் நானே அக்காவையும் கூப்பிட்டேன். அவர் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார், பெறாமகளின் பேச்சைக் கேட்க என்று. எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த கதிரையில் தன் கைப்பையை வைத்தார்.

மகள் நன்றாகப் பேசினாள். கடைசியில் என் படம் வந்தது. அதற்குக் கீழே, திரையின் அகலத்துக்குத் தமிழ் எழுத்தில் அந்தச் சொல்: வண்ணான்துறை. தன் தாயின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக யாழ்ப்பாணத்தில் சலவைத் தொழிலுக்கு ஒதுக்கப்பட்ட குடும்பம், அந்த உழைப்பு அங்கே தீட்டு என்று தள்ளிவைக்கப்பட்டது, பிரான்சில் நினைவுச்சின்னமாகிறது, இரண்டிலும் உழைத்தவளின் குரல் இல்லை என்று பிரெஞ்சில் சொன்னாள். அந்தக் கிழவியின் கதையையும் சொன்னாள். மண்டபத்தில் இருந்த வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அக்கா பிரெஞ்சு வகுப்பில் என்னைவிடக் கெட்டிக்காரர். எல்லாம் விளங்கியிருக்கும். அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே கையை நீட்டித் தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வேறொன்றும் செய்யவில்லை. வெளியே வந்ததும், தனக்கு வேறொரு இடத்துக்குப் போகவேண்டும், என்னை இறக்கிவிட ஏலாது என்றார். நான் பஸ்ஸில் வந்தேன்.

அடுத்த வெள்ளி கார் பழுது. அதற்கடுத்த வெள்ளி தலையிடி. பிறகு தொலைபேசியும் இல்லை. நவராத்திரிக்கு வருடாவருடம் அவர் வீட்டில் கூடுவோம். அந்த முறை எனக்கு அழைப்பு வரவில்லை. பல வருடங்களாக மோதகமும் கறியும் போட்டு அவர் வீட்டுக்கு நான் கொடுத்தனுப்பிய பாத்திரங்கள் எல்லாம் ஒரே பையில், தெரிந்த ஒருவர் மூலம் திரும்பி வந்தன. தொலைந்துபோய்விட்டது என்று நான் மறந்த ஒரு கிண்ணமும் அதில் இருந்தது. தேடி எடுத்திருக்கிறார்.

என் கோபம் முழுவதும் மகள்மேல் போனது. வாக்குத் தந்தாயே என்று கத்தினேன். எனக்கு அது வாக்காகத் தெரியவில்லை, அம்மா பயத்தில் கேட்டது என்றுதான் நினைத்தேன் என்றாள். நான் விடவில்லை. அவளும் விடவில்லை.

"நீங்கள் சொன்ன பொய்யை நான் ஏன் காப்பாத்தவேணும்?"

அதற்கு நான் ஒரு பதில் சொன்னேன். உன் அப்பா உயிரோடு இருந்திருந்தால் உன்னைப் படிக்கவைத்ததற்காக அழுதிருப்பார் என்றேன். அது உண்மை இல்லை. அவர் சந்தோஷப்பட்டிருக்கவும் கூடும். சொல்லிவிட்டேன். அவள் தன் அறையைக் காலிசெய்துகொண்டு நண்பியின் வீட்டுக்குப் போனாள். நாலு மாதம் நாங்கள் கதைக்கவில்லை.

பங்குனியில், பனி உருகிச் சேறாகிற நாட்களில், அக்காவின் கணவர் இறந்துபோனார் என்று கேள்விப்பட்டேன். நல்ல மனிதர், என் கணவருடன் சீட்டு விளையாடுவார். போவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை தொலைபேசி அடித்தது. அக்காவின் இலக்கம். மனம் மாறிவிட்டார், துக்கத்தில் என்னை நினைத்துவிட்டார் என்று ஒரு கணம் நம்பினேன்.

அழுதார். நானும் அழுதேன். பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். ரொறன்ரோவிலிருந்து அவர் அண்ணை வந்திருக்கிறாராம், எல்லாம் முறைப்படி நடக்கவேண்டும் என்று நிற்கிறாராம்.

"வெள்ளை கட்ட வேணும், தங்கச்சி. நிலபாவாடையும் விரிக்கவேணும் எண்டுறார். இஞ்ச அதுக்கு ஒருத்தரும் இல்லை. உங்கட ஆக்களுக்குத்தானே முறை தெரியும். சும்மா வேண்டாம், அண்ணை குறைவில்லாமல் செய்வார்."

"அக்கா, என்ரை மனுசன் செத்தபோது வெள்ளை கட்டினது ஆர்?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். ஒருவரும் கட்டவில்லை என்று பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அப்ப எங்களுக்குத் தெரியாதுதானே."

என்ன தெரியாது என்று நான் கேட்கவில்லை. எட்டு நாள் என்னுடன் ஒரே பாயில் படுத்த பெண் அவர். கெடுதியாக எதையும் சொல்வதாக அவர் நினைக்கவில்லை. எனக்கு மரியாதை செய்வதாகக்கூட நினைத்திருக்கலாம். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"நான் வாறன், அக்கா. துணியோட வரமாட்டன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

மகளுக்கு நானே தொலைபேசி எடுத்தேன். நாலு மாதத்தில் முதல்தரம். செத்த வீட்டுக்குப் போகிறேன், தனியாகப் போக ஏலாமல் இருக்கிறது என்றேன். கேள்வி கேட்காமல் நண்பியின் காரை வாங்கிக்கொண்டு வந்தாள்.

இறுதிச்சடங்கு மண்டபத்தில் வெள்ளை கட்டப்பட்டிருந்தது. அண்ணைக்காரர் கடையில் புதிய படுக்கைவிரிப்புகள் வாங்கி, இரண்டு பெடியன்களைக் கொண்டு சுவரோடு ஒட்டுநாடாவால் ஒட்டுவித்திருந்தார். பொதியின் மடிப்புக்கோடுகூடப் போகவில்லை. ஒரு மூலை கழன்று சவப்பெட்டிக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. என் அப்பா பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். எழுந்து போய் அதைச் சரிசெய்ய என் கை பரபரத்தது என்பதையும் மறைக்கவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

நாங்கள் இருந்த வரிசையில் வேறு யாரும் இருக்கவில்லை. கதிரை போதாமல் பின்னால் நின்றவர்கள் இருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒருத்தி எங்கள் வரிசையில் தன் குளிரங்கியைப் போட்டுவிட்டு சுவரோரம் போய் நின்றாள். அக்கா ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் கை கூப்பினார். நானும் கூப்பினேன். அவர் கண்ணில் நீர் இருந்தது, அது எனக்காகவும் இருந்திருக்கலாம். ஆனால் பக்கத்தில் அண்ணை நின்றார்.

பிறகு தேத்தண்ணி வந்தது. எல்லோருக்கும் ஒரே கடதாசிக் குவளை. இங்கே தனிக் குவளைக்குத் தேவை இல்லை. எல்லாரும் குடித்ததும் குப்பையில்தான் போடுகிறார்கள். நான் ஆறவிட்டு முழுவதையும் குடித்தேன். மகள் குடிக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் கார் நெடுஞ்சாலைக்கு ஏறியது. பிறகு அவள் தெருவைப் பார்த்தபடி சொன்னாள்.

"நான் உங்களைக் கேட்டிருக்கவேணும். அது உங்கட கதை, என்ரை இல்லை."

ஓம், கேட்டிருக்கவேணும் என்றேன். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவள் அதை எதிர்பார்த்தாள் என்று தெரியும். எனக்கு வரவில்லை. ஆனாலும் அவள் அன்று என்னோடு வீட்டுக்குள் வந்து, குளித்து, சமைத்து, படுத்தாள். அடுத்த கிழமை தன் பெட்டிகளையும் கொண்டுவந்தாள். இப்போது எங்களிடம் அந்தப் பழைய சிரிப்பு இல்லை. ஆனால் பொய்யும் இல்லை. அவள் கேட்கிறாள், நான் சொல்கிறேன். சில நாட்களில் சொல்லமாட்டேன் என்கிறேன், அதையும் ஏற்றுக்கொள்கிறாள். ஆய்வில் என்னைப் பற்றி எழுதிய பக்கங்களைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டி, எது இருக்கலாம், எது வேண்டாம் என்று கேட்டாள். என் அப்பா வெள்ளை கட்டிய பந்தியை மட்டும் எடுக்கச் சொன்னேன். காரணம் கேட்டாள். அழகாக எழுதியிருக்கிறாய், அது அழகாக இருக்கவில்லை என்றேன். எடுத்துவிட்டாள்.

கோயிலுக்கு நான் பஸ் பிடித்து, இரண்டு இடத்தில் மாறிப் போகிறேன். சில வெள்ளிகளில் போவதில்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள் மருந்துக்கடை வரிசையில் எனக்கு முன்னால் அக்கா நின்றார். மெலிந்துபோயிருந்தார். பக்கத்தில் நம்மவர் எவரும் இல்லை. என்னைக் கண்டதும் அவர் முகத்தில் பழைய அக்கா வந்து போனார். முழங்கால் வலி எப்படி என்று கேட்டார். இருக்கு என்றேன். பிள்ளை படிப்பு முடித்துவிட்டாளா என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மருந்துப் பையை வாங்கிக்கொண்டு என்னைத் தாண்டும்போது, குரலைத் தாழ்த்தி, "ஒருநாளைக்கு வாறன், தங்கச்சி" என்றார்.

எங்கள் ஊர்ப்பக்கம் அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு, வாங்கோ என்று. எதிரிக்கும் அதைத்தான் சொல்வோம். எனக்கு அந்தச் சொல் நாக்குவரை வந்தது. நான் சொல்லவில்லை. அவர் கொஞ்சம் நின்று பார்த்தார். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்குள் போனார். நான் முன்னால் நகர்ந்து என் மருந்துச் சீட்டை நீட்டினேன்.